சேற்றையும் வரைய வேண்டும்

நவி மும்பையில் எந்த மேம்பாலத்தின் கீழே சென்றாலும் ஒரு பூநாரையாவது கண்ணில் படும். பாலத்தின் தூண்களிலும், ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்க வழிகளிலும், காம்பவுண்டுச் சுவர்களிலும் அவை இளஞ்சிவப்பு நிறத்தில் வரையப்பட்டிருக்கின்றன; சாலைச் சந்திப்புகளில் சிலைகளாகவும் நிற்கின்றன. பூநாரை நகரம் என்று இவ்வூரை அழைப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்து இங்கேயே நிலைத்துவிட்ட எத்தனையோ குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. நேருலில் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அலையாத்திக் காடும் அதற்கு அப்பால் கழிமுகமும் வந்துவிடும். ஆகவே சுவரில் இருக்கும் பறவையை நேரிலும் காணும் பேறு எங்களுக்கு உண்டு. அந்த ஓவியங்கள் மீது எனக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் 2024ஆம் ஆண்டுக் கோடையில், வண்ணப் பூநாரைகள் நிற்கும் சுவர்களுக்குச் சற்று தூரத்திலேயே, உயிருள்ள பூநாரைகள் வழிதவறி இறங்கி மடிந்தன. ஒரு நகரம் ஒரு பறவையைத் தன் அடையாளமாகக் கொண்டாடிக்கொண்டே அதன் இருப்பிடத்தைக் கைவிட முடியும் என்பதை அந்தக் கோடை காட்டியது. சுவர் ஓவியத்தால் ஒரு பறவையின் வாழிடம் காக்கப்படுமா, அதற்கு அந்த ஓவியத்தில் என்னதான் இருக்க வேண்டும் என்று அப்போதிலிருந்து யோசித்துவருகிறேன்.

இங்குள்ளவர்கள் ‘காடி’ என்று சொல்லும் தாணே கழிமுகத்துக்குப் பூநாரைகள் பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது 1990களில்தான். மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய சிவ்ரியின் சேற்றுத்திட்டுகளில் முதலில் அவற்றைப் பார்த்தார்கள். கட்ச் போன்ற வடமேற்கு உப்பு நிலங்களிலிருந்து மழைக்காலம் முடிந்து நவம்பர் வாக்கில் வந்து சேரும் பறவைகள் மே, ஜூன் வரை தங்குகின்றன. பெரும் பூநாரை, சிறு பூநாரை என இரண்டு இனங்களும் இக்கூட்டத்தில் உண்டு. சிறு பூநாரைகளே மிகுதி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 2019 ஜனவரியில் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 1,20,000 பறவைகள் இருந்தன. ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் இடையே கழிமுகத்தின் மேற்குக் கரையை ஒட்டிய சுமார் 1,690 ஹெக்டேர் பரப்பு 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கிய 6,521 ஹெக்டேர் பரப்பு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இந்த எண்களை மட்டும் பார்ப்பவருக்குப் பறவைகளின் பாதுகாப்புக்குக் குறைவில்லை என்றே தோன்றும்.

கடலின் ஏற்றவற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த எண்ணம் நிலைக்காது. இக்கரையில் நாளொன்றுக்கு இரு முறை கடல் ஏறுகிறது, இரு முறை வற்றுகிறது. முழுநிலா, புதுநிலா நாள்களையொட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆள் உயரத்தின் இரு மடங்குக்கும் மேலாகிவிடும். வற்றத்தின்போது கழிமுகத்தில் கருஞ்சேறு மைல்கணக்கில் வெளிப்படும். பூநாரை அந்தச் சேற்றில் இறங்கி, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகின் மேல்பகுதி கீழே வரும்படி வைத்துக்கொண்டு, நீரை உறிஞ்சி, பாசியையும் நுண்ணுயிர்களையும் வடிகட்டி உண்ணும். கடல் ஏறும்போது அந்த மேய்ச்சல் நிலம் முழுவதும் மூழ்கிப்போகிறது. அப்போது பறவைகளுக்குக் கணுக்கால் அளவு நீருள்ள, ஆள் நடமாட்டமில்லாத வேறு இடம் வேண்டும். நவி மும்பைப் பக்கத்தில் இருக்கும் தலாவே, டி.எஸ். சாணக்யா என்ற கடல்சார் பயிற்சி நிறுவனத்தை ஒட்டிய நீர்நிலை, டெல்லி பப்ளிக் ஸ்கூலை ஒட்டியிருப்பதால் டி.பி.எஸ். ஏரி எனப்படும் ஏரி முதலிய ஈரநிலங்கள் அந்த இடத்தைத் தருகின்றன. 2020 ஊரடங்கின்போது இளஞ்சிவப்புப் பாய் விரித்தாற்போல நீர்ப்பரப்பை நிறைத்திருந்த பூநாரைகளின் படங்கள் நாடெங்கும் பரவினவே, அவை எடுக்கப்பட்டது இந்த ஈரநிலங்களில்தான். ஆனால் இவை சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கின்றன. உண்ணும் இடத்துக்குச் சட்டக் காவல் உண்டு, ஓய்வெடுக்கும் இடத்துக்கு இல்லை என்ற நிலை நீண்ட காலமாகத் தொடர்ந்தது. ஒன்று கெட்டால் மற்றதும் பயன்படாது என்று பறவையியலாளர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள்.

டி.பி.எஸ். ஏரிக்கு நேர்ந்தது இதற்கு நேரடிச் சான்று. சுமார் 30 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரிக்குக் கடல்நீர் வந்து போகும் வழிகள் அடைபட்டுப் போனதால் 2024இல் அது வறண்டு வெடித்த தரையாகிவிட்டது. வழக்கம்போல ஏற்றத்தின்போது அங்கே இறங்க வந்த பறவைகள் நீரின்றித் தடுமாறிப் பக்கத்துச் சாலைகளில் இறங்கின. பல பூநாரைகள் இறந்தன. அருகில் குடியிருப்பவர்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள், மனுக்கள் எழுதினார்கள். நீர்வழி மறுபடியும் திறக்கப்பட்ட பின் ஏரிக்குத் தண்ணீரும் தண்ணீரோடு பறவைகளும் திரும்பின. 2025 ஏப்ரலில் மகாராஷ்டிர மாநில வனவிலங்கு வாரியம் அந்த ஏரியைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்க ஒப்புதல் அளித்தது.

ஏரி வறண்டிருந்த அந்த வாரங்களில் நகரத்தின் பூநாரை ஓவியங்களைச் சற்று நின்று கவனிக்கத் தொடங்கினேன். அவற்றில் பல மிகத் தேர்ந்த கைகளால் வரையப்பட்டவை. ஆனால் உடல் முழுவதும் ஒரே அடர்சிவப்பாக இருக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துப் பூநாரை; இணையத்தில் எளிதில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் அதனுடையவை. இங்கே வரும் பெரும் பூநாரை ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். சிறகை விரிக்கும்போதுதான் உள்ளிருக்கும் சிவப்பும் கறுப்பும் தெரியும். சிறு பூநாரைக்கு அலகு கருஞ்சிவப்பு. இளம் பறவைகள் சாம்பல் நிறத்தில், கூட்டத்தின் நடுவே அழுக்குப் படிந்தவை போல நிற்கும். இவ்வேறுபாடுகளைக்கூட விட்டுவிடலாம். அந்த ஓவியங்களில் பறவை நிற்கும் தரை இல்லை என்பதே என்னை அதிகம் உறுத்தியது. நீல வானம், நீல நீர், அதில் தாமரை, பின்னால் சூரியன். சேறு இல்லை, கடல் இல்லை, அலையாத்தி இல்லை, நீர் நுழையும் மதகு இல்லை. அப்படிப்பட்ட சுவரைப் பத்தாண்டு பார்த்து வளரும் குழந்தைக்குப் பூநாரை அழகான பறவை என்பது தெரியும். அந்தப் பறவைக்கும் தன் வீட்டுக்குப் பின்னால் நாறிக்கொண்டிருக்கும் கருஞ்சேற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது தெரியாது. அந்தச் சேற்றில் ஒருவர் கட்டட இடிபாட்டை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினால், வீணாய்க் கிடந்த இடம் சரியாகிறது என்றுதான் அக்குழந்தை நினைக்கும். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எங்கள் சொசைட்டியின் பின்புறச் சுவருக்கு வெளியே மழைநீர் தேங்கும் குட்டை ஒன்று இருக்கிறது. 1970களில் இந்த நகரைத் திட்டமிட்டவர்கள், தாழ்வான இந்நிலம் கடல் ஏறும் நேரத்தில் பெய்யும் மழையில் மூழ்கிவிடாமல் இருக்க, நெதர்லாந்து முறையைப் பின்பற்றிப் பல இடங்களில் இத்தகைய தேக்கக் குட்டைகளை வெட்டினார்கள். கடல் ஏறும்போது மதகுக் கதவு மூடிக்கொள்ளும், வற்றும்போது திறந்து குட்டையின் நீரை வெளியே விடும். நாளடைவில் கதவுகள் பழுதாகி, வண்டல் சேர்ந்து, அலையாத்தி முளைத்து, குட்டைகள் தாமாகவே ஈரநிலங்களாகிவிட்டன. எங்கள் குட்டைக்குப் பூநாரை எப்போதாவதுதான் வரும். நெடுங்கால் உள்ளானும் கொக்கும் மீன்கொத்தியும் நாள்தோறும் வரும். குட்டையைப் பார்த்த அந்தச் சுவரை வரையலாம் என்று முடிவானபோது, வெளியிலிருந்து ஓவியரை அழைத்துப் பணம் கொடுத்து வரையச் சொல்வதை விட, குடியிருப்பவர்களே வரைய வேண்டும், ஓவியக் கல்லூரி மாணவி ஒருவர் வழிகாட்டினால் போதும் என்று பேசிக்கொண்டோம்.

கடலோரச் சுவரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், வண்ணம் பூசுவதற்கு முன்பு சுவரைத் தயாராக்குவதே பெரிய வேலை. சுவர் முழுவதும் உப்புப் பூத்து, கை பட்டால் மாவாக உதிர்ந்தது. பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மறுபடியும் பூத்த உப்பைத் துடைத்து, பிரைமர் அடித்த பிறகுதான் சாக்கட்டியைக் கையில் எடுக்க முடிந்தது. அந்த வேலையில் சேர்ந்தவர்கள் சொசைட்டியின் காவலர்களும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களும், தேர்வு முடிந்த பிள்ளைகளும்தான். சுவரைச் சுரண்டும் நேரம் முழுவதும் முகத்துக்கு நேரே குட்டை இருந்தது. பல ஆண்டுகளாக அதே சுவருக்கு உட்புறம் வாழ்ந்தவர்கள் முதன்முறையாக அதன் வெளிப்புறத்தில் மணிக்கணக்கில் நின்றார்கள். ஓவியம் முடிந்த பிறகு விளையும் பயனைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். வரையும் வேலைக்காக மக்கள் அந்த இடத்தில் நிற்பதே பாதிப் பயன் என்று நான் கருதுகிறேன்.

சாக்கட்டிக் கோடுகள் போட்டுக்கொண்டிருந்த நாளில், குட்டையின் மறுபுறத்தில் வலையைக் காயப்போடும் கோலி மீனவ மூதாட்டி ஒருவர் வந்து பார்த்தார். இந்த நகரம் எழுவதற்கு முன்பு இங்கிருந்த நெல்வயல்களும் உப்பளங்களும் மீன்பண்ணைகளும் ஆக்ரி, கோலி மக்களுடைய ஊர்களைச் சேர்ந்தவை. “மாவ்ஷி, எப்படி இருக்கிறது?” என்று மாணவி கேட்டார். மூதாட்டி சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பறவை நன்றாகத்தான் இருக்கிறது, பெண்ணே. அது எதைத் தின்னும்? இத்தனை ஆழமான தண்ணீரில் அதற்குக் கால் எட்டாதே” என்றார். பிறகு கையை நீட்டி, கடல் ஏறினால் தண்ணீர் எதுவரை வரும், வற்றினால் எதுவரை போகும், எந்த மூலையில் இறால் குஞ்சு தங்கும், எந்த மதகு அடைத்தால் எந்தப் பக்கம் நாறத் தொடங்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நாங்கள் அதுவரை ஒரே நீர்ப்பரப்பாகக் கண்ட இடம் அவருக்குப் பல பாத்திகளாகப் பிரிந்து தெரிந்தது.

ஓவியத்தின் அமைப்பு அன்றைக்கே மாறியது. சுவரின் கீழ்ப்பாதி முழுவதும் சேறு. கறுப்பும் மண்ணிறமும் சாம்பலும் கலந்து, நண்டு வளைகளும் பாசித் திட்டுகளும் தெரியும்படி பிள்ளைகள் அதை மிகுந்த ஈடுபாட்டுடன் வரைந்தார்கள், விரல்களாலேயே பூசினார்கள். சுவரின் நீளவாக்கில் ஒரு முனையில் முழு ஏற்றமும் மறுமுனையில் முழு வற்றமும் இருக்க, இடையில் நீரின் மட்டம் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். ஏற்றத்தில் பறவைகள் நெருக்கியடித்து ஒற்றைக்காலில் உறங்குகின்றன. வற்றத்தில் சிதறிச் சென்று தலை கவிழ்த்து மேய்கின்றன. கோலிப் பெண்கள் முழங்கால் சேற்றில் சிப்பி பொறுக்குகிறார்கள். மதகு உண்மையில் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேரே சுவரிலும் மதகு வரையப்பட்டிருக்கிறது. அதன் அருகில் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும், ‘கடல் இவ்வழியாக வந்து போகிறது, இதை அடைக்காதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதினோம். பூநாரைகள் சில மட்டுமே இருக்கின்றன. அவற்றின் நிறமும் வெளிறியதுதான்.

இதனால் உலகம் மாறிவிடவில்லை. மாறியவற்றைச் சொல்கிறேன். முன்பு குட்டையில் நாற்றம் எழுந்தால் கொசு மருந்து அடிக்கச் சொல்லித்தான் சொசைட்டிக் கூட்டத்தில் பேசுவார்கள். இப்போது மதகு அடைத்திருக்கிறதா பாருங்கள் என்கிறார்கள். நள்ளிரவில் இடிபாடு கொட்ட வந்த டெம்போவைக் காவலர் ஒருவர் வண்டி எண்ணோடு படம் எடுத்து, மறுநாள் காலை எல்லோர் கைபேசிக்கும் அனுப்பினார். அந்தச் சேற்றைத் தன் கையாலேயே சுவரில் வரைந்தவர் அவர். குட்டை என்ற பொதுப்பெயர் போய், மதகு மூலை, இறால் மூலை, கொக்குத் திட்டு என்று அதன் பகுதிகளுக்குப் பெயர்கள் வந்துவிட்டன. புகார் எழுதும்போது அப்பெயர்கள் பெரிதும் உதவுகின்றன. எந்த மூலையில் என்ன நடந்தது என்று குறிப்பிட்டு எழுதப்பட்ட புகாரை ஒதுக்கித் தள்ளுவது அதிகாரிகளுக்கும் கடினம்.

வேறு நாடுகளில் நடந்த முயற்சிகளைப் படித்தபோதும், பறவையை மட்டும் காட்டும் ஓவியத்துக்கும் அது நிற்கும் இடத்தோடு பேசும் ஓவியத்துக்கும் உள்ள இதே வேறுபாட்டைக் கண்டேன். நியூயார்க்கின் மேல் மன்ஹாட்டனில், பறவை ஓவியர் ஆடுபான் வாழ்ந்து மறைந்த வட்டாரத்தில், 2014 முதல் கடைக் கதவுகளிலும் கட்டடச் சுவர்களிலும் பறவைகளை வரைந்துவருகிறார்கள். காலநிலை மாற்றத்தால் அழியக்கூடியவை என்று ஆடுபான் சங்கம் பட்டியலிட்ட பறவைகளே அந்த ஓவியங்களின் பொருள். 2019 அறிக்கையின்படி அப்பட்டியலில் 389 இனங்கள் இருந்தன. ஏழைத் தொழிலாளர்களும் குடியேறிகளும் மிகுதியாக வாழும் தெருக்களுக்கு இத்தனை பெரிய கலைச்செல்வம் வந்தது நல்லதே. ஒவ்வொரு பறவைக்கும் பின்னால் ஆய்வு இருப்பதும் அதன் வலிமை. ஆயினும் அந்தப் பறவைகளில் பல அத்தெருவில் வாழ்வன அல்ல. ஆகவே பார்ப்பவர் கவலைப்படலாம், சங்கத்துக்கு நன்கொடை தரலாம்; அந்தச் சுவருக்கு எதிரிலேயே செய்வதற்கு ஒரு வேலை இருக்காது. மாறாக, கனடாவில் 1991இல் தொடங்கிய மஞ்சள் மீன் இயக்கம் கலையழகில் மிக எளியது. மழைநீர் வடிகால் வாய்களின் அருகே சிறுவர்கள் அச்சுத்தகடு வைத்து மஞ்சள் நிறத்தில் ஒரு மீனை வரைகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் வண்டி எண்ணெயையோ பெயின்ட் கழுவிய நீரையோ கொட்டக் கை ஓங்கும் அதே இடத்தில் அந்த மீன் இருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால் நான் மஞ்சள் மீனைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சுவர் ஓவியத்தின் மீது எனக்கு ஓர் அச்சமும் உண்டு. தூய்மைப் போட்டியில் மதிப்பெண் பெறுவதற்காக நகரங்கள் ஆண்டுதோறும் சுவர்களுக்கு வண்ணம் பூசுகின்றன. பூநாரை நகரம் என்ற பெயர் வீட்டுமனை விளம்பரங்களிலும் ஏறிவிட்டது. பூநாரைக் காட்சி தெரியும் மாடங்கள் என்று சொல்லி அடுக்ககங்கள் விற்கப்படுகின்றன. தலாவே ஈரநிலத்தில் கோல்ஃப் மைதானமும் குடியிருப்பும் அமைக்கும் திட்டத்துக்கு எதிராக மக்கள் வழக்குத் தொடுத்து, 2018இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றி பெற்ற பிறகும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த ஈரநிலம் இன்றளவும் இருப்பது ஓவியங்களால் அன்று. அந்த வழக்கினாலும், விடாமல் எழுதப்பட்ட மனுக்களாலும்தான். எனவே, இந்த வேலையைத் தொடங்க விரும்பும் எவருக்கும் நான் சொல்வது, சுவரில் ஒரு கோரிக்கை இருக்கட்டும். நில அளவை எண், ஏரியின் பரப்பு, நீர் வரும் வழி, யாரிடம் முறையிடுவது என்பவை ஓவியத்தின் உள்ளேயே இடம்பெறட்டும். அழகு கெடும் என்று சிலர் தயங்குவார்கள். நம் கோயில் சுவர்களில் சிற்பத்துக்கு அருகிலேயே நிலத்தின் எல்லைகளையும் பாசன உரிமைகளையும் கல்வெட்டாகப் பொறித்து வைத்தார்கள். அதனால் சிற்பத்தின் அழகு குறைந்துவிடவில்லை.

சென்னையில் இருக்கும் நண்பர்கள் பள்ளிக்கரணையில் இதைப் போலச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். தாணே கழிமுகத்தைப் போலவே 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்புநிலத்தில் இப்போது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்புக்குத்தான் அந்தத் தகுதி உண்டு. பழைய பரப்பு இதைப்போலப் பல மடங்கு. அங்கும் பூநாரைகள் வருகின்றன, கூழைக்கடாவும் நீலத்தாழைக்கோழியும் இருக்கின்றன. ஆனால் நான் அங்கே முதலில் வரையச் சொல்வது ஒக்கியம் மடுவை. தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரிநீர் சதுப்புக்கு வந்து, அந்த மடுவின் வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலில் கலக்கும் பாதையைப் பழைய மகாபலிபுரம் சாலையில் தினந்தோறும் செல்லும் இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் அறிவார்கள்? துரைப்பாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் மறுகுடியமர்த்தப்பட்ட மக்களுக்கு அந்த நீரின் போக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டு வாசலில் தெரியும். அவர்களை வரையச் சொல்ல வேண்டும்.

டி.பி.எஸ். ஏரிக்கு ஒப்புதல் கிடைத்த பாதுகாப்புக் காப்பகம் என்பது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வனவிலங்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட வகை. அரசுக்குச் சொந்தமான நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே அதை அறிவிக்க வேண்டும். அதைப் பேணுவதற்கான குழுவில் உள்ளாட்சியினருக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் இடம் உண்டு. மக்களைக் கலந்தாலோசிப்பதை அரங்கத்துக்குள் நடக்கும் ஒரு நாள் கூட்டத்தோடு முடித்துக்கொள்ளாமல், ஏரியைச் சுற்றிய நடைபாதையிலேயே எல்லைக் கோட்டையும் நீர்வழிகளையும் வண்ணத்தில் வரைந்து, நடப்பவர்கள் காலடியில் பார்த்துக்கொண்டே செல்லும்படி செய்யலாம் என்று சில குடியிருப்புச் சங்கங்கள் சேர்ந்து எழுதியிருக்கிறோம். மராத்தி மொழியில் எழுதிய அந்த விண்ணப்பத்தோடு, எங்கள் சுவரில் மதகு வரையப்பட்ட பகுதியின் படத்தையும் இணைத்திருக்கிறோம். எங்கள் சுவரில் ஏற்றம் வரையப்பட்ட முனையில் உப்பு மறுபடியும் பூத்துவிட்டது. மழை ஓய்ந்ததும் அந்தப் பகுதியைச் சுரண்டி மீண்டும் வரைய வேண்டும். சாம்பல் நிற இளம் பறவைகளைக் கூட்டத்தில் இன்னும் சிலவாவது சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.